பவானியிலிருந்து ஒகேனக்கல்: ஆற்றை எதிர்த்து மூன்று நடை

ஆற்றங்கரைச் சாலை என்றால் சமதளமாகத்தான் இருக்கும் என்ற நினைப்பில் ஆரம்பித்தேன். தண்ணீரே வழுக்கிக்கொண்டு போகிற பாதை, அதன் ஓரமாக சைக்கிள் மிதிக்க என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது? பவானி கூடுதுறையில் காவிரியில் கால் நனைத்துவிட்டு, எதிர்த்திசையில் மிதித்து, ஒகேனக்கல்லில் அது பாறையைப் பிளந்துகொண்டு வரும் இடம் வரை போக வேண்டும். இதுதான் திட்டம். ஒரே மூச்சில் அல்ல, லீவு கிடைக்கும்போது விட்ட இடத்திலிருந்து. மூன்று நடை ஆனது. தையில் தொடங்கி வைகாசியில் முடித்தேன்.

வண்டி ஒன்றும் விசேஷமில்லை. 32 மில்லிமீட்டர் டயர் போட்ட சாதாரண கியர் சைக்கிள். ஓட்டுகிறவனுக்கு வயது 43, தொப்பை உண்டு.

முதல் நடை: பவானி – மேட்டூர், தை மாதம்

பொங்கல் லீவில் கிளம்பினேன். மேட்டூர் அணையில் பாசனத்துக்கு ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவது வழக்கம். அதனால் தை பிறந்த கையோடு போனால் ஆற்றில் தண்ணீர் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். இருந்தது. ஊராட்சிக்கோட்டையைத் தாண்டியதும் வலது பக்கம் ஆறு வந்துவிடுகிறது. வெயில் அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீரில் பட்டு முகத்தில் அடிக்கிறது. கண்ணாடி இல்லாமல் போனது முதல் தப்பு.

இந்தப் பகுதியில் காவிரியைப் பார்த்தால் ஆறா, ஏரியா என்று சந்தேகம் வரும். ஊராட்சிக்கோட்டை, குதிரைக்கல்மேடு, நெரிஞ்சிப்பேட்டை, செக்கானூர் என்று வரிசையாக மின்சாரத்துக்காகக் கதவணை கட்டியிருக்கிறார்கள். ஒரு கதவணையில் தேக்கிய தண்ணீர் மேலே அடுத்த கதவணை இருக்கும் பக்கம் வரை அசையாமல் நிற்கிறது. அழகுதான். ஆனால் ஓடுகிற ஆற்றைப் பார்க்க வந்தவனுக்கு ஒரு ஏமாற்றமும் உண்டு.

சமதளம் என்ற என் நினைப்பு அம்மாபேட்டைக்கு முன்பே உடைந்தது. ஆறு சமதளம், சரி. ஆனால் மேற்கே பாலமலையிலிருந்து ஆற்றுக்கு வந்து சேரும் ஓடைகள் எல்லாம் சாலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டுதானே போக வேண்டும்? ஒவ்வோர் ஓடைக்கும் ஓர் இறக்கம், ஒரு பாலம், ஓர் ஏற்றம். பைக்கில் போகும்போது இவை கண்ணிலேயே பட்டதில்லை. சைக்கிளில் ஒவ்வொன்றும் முழங்காலில் தெரிந்தது. இறக்கத்தில் வேகத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போய், பாலத்திலேயே கியரைக் குறைத்தால் பாதி ஏற்றம் தானாக ஏறிவிடும் என்பதைப் பத்தாவது பள்ளத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

நெரிஞ்சிப்பேட்டையில் பின்சக்கரம் பஞ்சர். ஊர்ப் பெயரில்தான் நெருஞ்சி, டியூபில் ஏறியிருந்தது சீமைக்கருவேல முள். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழைக் கண்டுபிடித்தார். உடனே ஒட்டவில்லை. டயரின் உள்பக்கம் விரலை மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, ஒடிந்து உள்ளேயே நின்ற முள் நுனியைக் குறடால் பிடுங்கினார். நானாக இருந்தால் டியூபை ஒட்டி அப்படியே மாட்டி, அடுத்த கிலோமீட்டரில் திரும்ப உட்கார்ந்திருப்பேன்.

“ஏனுங் தம்பி, மேட்டூருக்கு பஸ் இருக்குதுங்களே?” என்றார்.

“சும்மா ஆத்தப் பாத்துக்கிட்டே போலாம்னுங்க.”

“ஆத்தப் பாக்கோணும்னா பூலாம்பட்டி போட்டுல ஏறி உக்காந்துக்கோங்க. மிதிக்கற வேலையே இல்லீங்க.”

சொன்னபடி போட்டில் எதிர்க்கரை பூலாம்பட்டிக்குப் போய்த் திரும்பினேன். குட்டிக் கேரளா என்று அந்த ஊரைச் சொல்வது கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் நடு ஆற்றிலிருந்து பாலமலையைப் பார்த்தபோதுதான் இது ஒரு பள்ளத்தாக்கு என்பதே உறைத்தது. சாலையில் போகிறவனுக்கு மலை ஒரு சுவர், அவ்வளவுதான்.

மேட்டூர் சேர்ந்தபோது மதியம் 2 மணி. முழங்கால் விண்விண் என்றது. பிறகு ஒரு நண்பர் பார்த்துவிட்டு, சீட்டு இரண்டு விரற்கடை தாழ்வு என்றார். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டுமாம். உயர்த்தினேன். வலி அதற்கப்புறம் வரவே இல்லை.

இரண்டாம் நடை: மேட்டூர் – பண்ணவாடி, சித்திரை

தோல்விதான். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணைக்கட்டு முனியப்பனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காலை 9 மணிக்குக் கிளம்பினேன். சித்திரையில் 9 மணி என்பது கிளம்புகிற நேரமே இல்லை. அரை லிட்டர் பாட்டில் ஒன்றுதான் கையில். கொளத்தூர் போவதற்குள் அது காலி. பண்ணவாடி போய்ச் சேர்ந்தபோது தலை கிறுகிறுத்தது. ஒரு புளியமரத்தடியில் படுத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் வந்த வழியே திரும்பினேன். அன்று என்னைக் காப்பாற்றியது வழியில் குடித்த கம்மங்கூழும் இரண்டு பச்சை மிளகாயும்.

மூன்றாம் நடை: மேட்டூர் – ஒகேனக்கல், வைகாசி

இந்த முறை 4.30 மணிக்குக் கிளம்பினேன். 3 லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ் பொட்டலம் நான்கு, ஸ்பேர் டியூப் இரண்டு. காற்றையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். கல் போல டயரை அடித்தால் வேகம் வரும் என்பது நல்ல ரோட்டுக்கு மட்டும்தான் பொருந்தும்.

மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது. நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி என்று அன்றைய கவர்னரின் பெயர். 120 அடி நிரம்பினால் 93.47 டிஎம்சி. இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம். அந்தத் தண்ணீருக்கு அடியில் ஊர்கள் இருந்தன என்பதைப் பண்ணவாடியில் நின்று பார்த்தால்தான் மனதில் ஏறும். நீர்மட்டம் நன்றாக இறங்கியிருந்தது. பழைய தேவாலயத்தின் கோபுரமும் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் வெளியே தெரிந்தன. நந்தியின் மேல் தண்ணீர் நின்ற மட்டம் கோடு கோடாகக் காய்ந்திருந்தது, மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்கள் மாதிரி. அதன் காதுக்குள் ஒரு நத்தை ஓடு. சுற்றிலும் வண்டல் வெடித்துக் கிடந்தது. தண்ணீர் இறங்கிய நிலத்தில் சோளம் போட்டிருந்தார்கள்.

இங்கிருந்து எதிர்க்கரை நாகமரைக்குப் பரிசலில் போனேன். அது தர்மபுரி மாவட்டம். மூங்கில் பிளாச்சில் பின்னி, பிளாஸ்டிக் சாக்கை இழுத்துக் கட்டித் தார் பூசிய கூடைதான் பரிசல். பரிசல்காரர் என் சைக்கிளைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “பெடல் குத்திச்சுன்னா ரெண்டு பேரும் நீந்தணும்ணா” என்றார். அடியில் இருக்கப்போகும் பெடலைக் கழற்றச் சொன்னார். என்னிடம் 15 நம்பர் ஸ்பேனர் இல்லை. கடைசியில் அவருடைய துண்டையும் என் துண்டையும் பெடலில் சுற்றிக் கட்டி, சைக்கிளைப் படுக்கவைத்து, நான் அதன் சக்கரத்தின் மேல் குந்திக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். இப்போது ஸ்பேனர் பையிலேயே இருக்கிறது. இடது பெடலுக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும் என்பதையும் வீட்டில் பழகிப் பார்த்து வைத்திருக்கிறேன்.

நாகமரையிலிருந்து ஏரியூர் வழியாகப் பென்னாகரம். இந்த நீளத்தில் ஆறு கண்ணிலேயே படவில்லை. சாலை மேட்டில் ஏறிவிடுகிறது, ஆறு மேற்கே மலைக்குள் போய்விடுகிறது. ஏற்றம், வெயில், புளியமரம், மறுபடி ஏற்றம். சில இடங்களில் இறங்கித் தள்ளினேன். வெட்கமெல்லாம் முதல் நடையிலேயே போய்விட்டது.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் சுமார் 16 கிலோமீட்டர். கடைசிப் பகுதி காட்டுக்குள் கொண்டையூசி வளைவுகளோடு இறங்குகிறது. யானை கடக்கும் இடம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் இருக்கும்போது மட்டும் போங்கள். பிரேக்கை அழுத்தியபடியே இறங்கினால் ரிம் சுட்டுவிடும். அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி இறங்க வேண்டும். மூன்றாவது வளைவில் நிறுத்தி ரிம்மைத் தொட்டுப் பார்த்துக் கையை வெடுக்கென்று எடுத்தேன்.

ஒகேனக்கல்லில் சைக்கிளை ஒரு மீன் கடை ஓரமாகப் பூட்டிவிட்டு நடந்தேன். கன்னடத்தில் ஹொகே என்றால் புகை. புகைகிற கல் என்பதுதான் ஊர்ப் பெயர். வைகாசியில் தண்ணீர் குறைவு, புகையும் குறைவு. ஆனால் பள்ளத்தாக்கைப் பார்க்க அதுதான் நேரம் என்பேன். கர்நாடகத்திலிருந்து வரும் தண்ணீரை மேலே பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். வரத்து கூடினால் குளிக்கவும் பரிசல் விடவும் தடை வந்துவிடும். தண்ணீர் இறங்கினால் பாறைச் சுவர் முழு உயரமும் தெரிகிறது.

லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு பரிசலில் அந்தச் சுவர்களுக்கு நடுவில் போனேன். இரண்டு பக்கமும் கறுத்த பாறை. சென்ற வெள்ளம் தொட்ட மட்டம் வரை வெளுத்து, அதற்கு மேல் புல். ஆறு இங்கே தன் இஷ்டத்துக்கு வளையவில்லை. பாறையில் இருந்த விரிசலைப் பிடித்துக்கொண்டு போய், அது முடிந்ததும் வெடுக்கென்று அடுத்த விரிசலுக்குத் திரும்புகிறது.

திரும்பும்போது கரைப் பாறையில் ஒரு குழி. ஆட்டுக்கல் போலவே உருண்டையாக, முழங்கை ஆழம். கையை விட்டேன். அடியில் எலுமிச்சை அளவில் மூன்று கூழாங்கற்கள், தண்ணீர் இல்லாமல், சுடச்சுட. வெள்ளம் வரும்போது சுழியில் மாட்டி இந்தக் கற்கள்தான் உள்ளேயே சுற்றிச் சுற்றிக் குழியைக் குடைகின்றன. ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். கொஞ்ச தூரம் நடந்தபின் மனசு கேட்கவில்லை. திரும்பிப் போய் அதே குழியில் போட்டுவிட்டு வந்தேன். அதற்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

மலை ஏறித் திரும்ப எனக்குத் தெம்பில்லை. தக்காளிக் கூடைகளை இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு மினி லாரியில் சைக்கிளை ஏற்றிப் பென்னாகரம் வந்தேன். அதை ஏமாற்று என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

ஒகேனக்கல்லுக்கு மேலே கரையோரமாக சைக்கிளில் போக வழியில்லை, எல்லாம் யானைக்காடு. அடுத்தது மேகதாது. நம் பத்திரிகைகளில் எழுதுவதைப் பார்த்தால் மேகத்துக்கும் அதற்கும் ஏதோ சம்பந்தம் போலத் தோன்றும். கன்னடத்தில் மேகே என்றால் ஆடு, ஆடு தாண்டும் இடம் என்றுதான் பெயர். அதற்குக் கனகபுரா பக்கமிருந்து போக வேண்டும். அர்க்காவதி காவிரியில் சேரும் சங்கமத்திலிருந்து 4 கிலோமீட்டர் போல நடை. ஆடிக் காற்றும் வெள்ளமும் அடங்கட்டும், கார்த்திகை கழிந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். அதற்குள் பிரேக் கட்டை மாற்ற வேண்டும். பரிசல்காரரின் துண்டு வேறு என் பையிலேயே வந்துவிட்டது.