சமோ ஹங்குக்கு ஒரு கதிரை

வாடகைக்கு எடுத்த வீடியோ கசெட்டில், படம் முடிவதற்குள் யாரோ ஒருவரின் கலியாணம் வந்துவிட்டது. படம் ‘வீல்ஸ் ஆன் மீல்ஸ்’. ஜாக்கி சான், யுவென் பியாவ், சமோ ஹங் மூன்று பேரும் வில்லனின் கோட்டைக்குள் புகுந்தாயிற்று, இனித்தான் சண்டை என்று நாங்கள் பாயை விட்டு எழும்பி உட்கார, திரையில் கோடு கோடாக ஏதோ ஓடி, பட்டுச்சேலையில் ஒரு பெண் தலை குனிந்து வந்து நின்றாள். கடைக்காரரிடம் போய்க் கேட்டால், “அதுக்கு மேல படத்தில ஒண்டும் இல்லைத் தம்பி” என்றார்.

அந்த முடிவை நான் பார்க்க இருபது வருடம் ஆனது. அதுவரைக்கும் திருகோணமலை டச் பே கடற்கரை மணலில் நாங்களே அதை ஆடி முடித்துக்கொண்டோம், நாளுக்கொரு முடிவு. எல்லாருக்கும் ஜாக்கி ஆகத்தான் ஆசை. நான் கொஞ்சம் உருண்டையான பிள்ளை என்பதால் சமோ ஹங்கை என் தலையில் கட்டினார்கள். ஒரு நாள் அழுதுகூட இருக்கிறேன்.

1984இல் வந்த அந்தப் படத்தை இயக்கியதே சமோதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஜாக்கியும் பென்னி உர்கிடெஸ் என்ற நிஜ கிக்பாக்ஸிங் சாம்பியனும் மோதும் கடைசிச் சண்டையில், உதையின் காற்றுக்கே மெழுகுதிரிகள் அணையும். அதைத்தான் எங்கள் கசெட்டில் கலியாணம் தின்றிருந்தது.

சமோ 1952இல் ஹொங்கொங்கில் பிறந்தவர். ஒன்பது வயதில், பீக்கிங் ஒபரா என்ற சீனக் கூத்துப் பழக்கும் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். ஜாக்கியும் பியாவும் அங்கே அவருக்குத் தம்பிமார், இவர்தான் பெரியண்ணன். 1973இல் வந்த ‘என்டர் தி டிராகன்’ தொடக்கத்திலேயே புரூஸ் லீயிடம் தோற்றுப்போகிற தடித்த இளைஞர் இவர்தான், திரும்பப் போட்டுப் பாருங்கள். 1988இல் ‘பெயின்டட் ஃபேசஸ்’ படத்தில் தன்னை அடித்துப் பழக்கிய அதே வாத்தியாராகத் தானே நடித்து ஹொங்கொங் திரைப்பட விருதும் வாங்கினார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரண்டு வருடம் ஓடிய தொடரும் உண்டு. எனக்கு அது அவ்வளவு பிடிக்காது.

அவருடைய சண்டையைக் குங்ஃபூ என்று மட்டும் சொன்னால் பாதியை விட்டுவிடுகிறோம். எங்கள் பெரியப்பா கூத்தாடியவர். சின்னப் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்கும்போது முகத்தைப் பார்க்கமாட்டார், காலைத்தான் பார்ப்பார். மத்தளத்துக்குக் கால் பிந்தினால் பிரம்பு. சமோவின் படத்தை ஒருநாள் அவரோடு இருந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இவன் அடிக்கேல்லை, ஆடுறான்” என்றார். ஒபரா மேடையில் மேளத்துக்கும் தாளத்துக்கும் வளர்ந்த உடம்பு அல்லவா, அவ்வளவு பாரத்தோடு அது காற்றில் சுழன்று வந்து நிற்கிற இடம் சரியாகத் தாளம் விழுகிற இடமாக இருக்கும். கூத்து மேடையையும் களரி என்கிறோம், அடிமுறை பழகும் இடமும் களரிதான். பெரியப்பாவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

2009இல் சமோவுக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை. 2010இல் வந்த ‘இப் மேன் 2’இல், கவிழ்த்துப் போட்ட முக்காலிகளுக்கு நடுவே ஒரு மேசைமேல் நின்று டொனி யென்னோடு மோதுகிறார். அப்புறம் முழங்கால் படுத்தியது, பொது நிகழ்ச்சிகளில் சக்கர நாற்காலியில் கண்டவர்கள் உண்டு. வயதான நாயகனை டூப் வைத்துப் பறக்கவிட்டுக் கணினியில் முகத்தை ஒட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்த மனுசனுக்குப் பறக்கத் தேவையில்லை, ஒரு கதிரை போதும்.

அவருக்காக நான் மனதில் எடுத்து வைத்திருக்கிற படம் இதுதான். பெயர் ‘சீனக்குடா’. ஹொங்கொங் கப்பல் ஒன்றில் சமையற்காரராக வந்து, திருகோணமலைத் துறைமுகத்தில் இறங்கி, திரும்பிப் போகாமலே கிழவனாகிப்போன ஒருவர். சீனக்குடாவில் இருக்கிறார், அந்தப் பெயருள்ள ஊரை விட்டுவிட்டு வேறு எங்கே இருப்பார்? சனம் அவரைச் சீனப்பா என்று கூப்பிடும். கிண்ணியாப் பிள்ளை ஒருத்தி வாப்பாவிடம் சீனடி என்ற சண்டைக் கலை பழகியவள், அது எங்கட நாட்டு அடி என்று இவர் சொல்ல, எங்கட வாப்பாட அடி என்று அவள் சொல்ல, படம் முழுக்க அந்தச் சண்டை ஒன்று தனியாக ஓடும். வில்லன் பழைய வில்லன்தான், கரையைப் பிடித்து ஹோட்டல் கட்ட வருகிறவன். அவனில் நேரம் செலவழிக்கப்போவதில்லை. திருகோணமலைக் கோட்டை மான்களுக்கு நடுவே ஒரு துரத்தல் வைக்க ஆசை, உள்ளே இராணுவம் இருக்கிறது, அனுமதி கிடைக்காது.

கடைசிச் சண்டை விடியற்காலையில், சல்லி என்ற ஊரின் கரையில். கரைவலை இழுக்கிறார்கள், இரண்டு பக்கமும் கயிற்றில் ஆட்கள், ஒருவர் அம்பா என்ற வலைப்பாட்டை எடுக்க மற்றவர்கள் ஏலேலோ போடுகிறார்கள். சீனப்பா பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, காலியான மீன்பெட்டியில் பொல்லால் தாளம் தட்டுகிறார். அடியாட்கள் வருகிறார்கள். தாளம் மாறுகிறது, கயிறு தளர்கிறது, ஒரு தட்டில் இறுகுகிறது, வந்தவர்களின் கால்கள் கயிற்றில். மூன்று பேர் தப்பிக் கதிரை வரைக்கும் வருவார்கள். இரண்டு பேரைப் பொல்லு பார்த்துக்கொள்ளும், மூன்றாவது ஆளுக்கு உள்ளங்கை. அவர் எழும்பவே மாட்டார். வலையின் மடி அலைக்குள் தெரியத் தொடங்கும்போது வில்லன் தானே இறங்கி நடந்து வருவான்.

போன கிழமை மச்சானிடம் கதையைச் சொன்னேன். கொத்துரொட்டிக் கல்லில் ஒரு சண்டை வை என்றான், எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள், சரி, வைக்கலாம். “கடைசியில ஆர் வெல்லுறது?” என்று கேட்டான். அது இன்னும் யோசிக்கவில்லை என்றேன்.

“யோசிக்காத. அந்த இடத்தில ஒரு கலியாணத்தைப் போடு.”