ஒரு தடவை ட்ரிப் ஆகும், ஒன்பது தடவை ஆகாது

எப்பவும் நடக்குற ஃபால்ட்டை கண்டுபிடிச்சிடலாம், எப்பவாவது ஒரு தடவை நடக்குற ஃபால்ட் இருக்கே, அது தான் மனுஷனை கொல்லும். நான் ஒரு பவர் சப்ளை பண்ணி ஃப்ரெண்டுக்கு குடுத்திருந்தேன், பெருசா ஒண்ணும் இல்ல, 230 வோல்ட் லைன், ஏசியை டிசியா மாத்துற ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர், அதுக்கு பின்னாடி சார்ஜை தேக்கி வெக்குற 470 மைக்ரோஃபேரட் 450 வோல்ட் கெபாசிட்டர், அப்புறம் அந்த டிசியை வேணுங்குற வோல்ட்டுக்கு மாத்துற கன்வெர்ட்டர். என் டேபிள்ல இருபது தடவை போட்டு பார்த்தேன், ஒரு பிரச்சினையும் இல்ல. அவன் போன் பண்றான், "டேய், சுவிட்ச் போட்டா சில நேரம் எம்சிபி விழுதுடா"ன்னு, அதாவது கரண்ட் அளவு மீறினா லைனை தானா வெட்டுற பிரேக்கர். உன் வீட்டு வயரிங் சரியில்லடான்னு சொல்லிட்டேன். (மன்னிப்பு அப்புறமா கேட்டேன்.)

விஷயம் இன்ரஷ் கரண்ட், அதாவது சுவிட்ச் போட்டதும் ஒரு கணம் பாயுற பெரிய கரண்ட். காலியா இருக்குற கெபாசிட்டர், போட்ட அந்த நொடியில ஷார்ட் சர்க்யூட் மாதிரி தான். கரண்டை தடுக்க அங்க இருக்குறது வயரோட ரெசிஸ்டன்ஸ், டயோடு, கெபாசிட்டர் உள்ள இருக்குற சின்ன ரெசிஸ்டன்ஸ், அவ்ளோ தான், எல்லாம் சேர்த்து ஒரு ஓம்னு வெச்சுக்கோங்க. 230 வோல்ட் ஏசியோட பீக், அதாவது உச்சம், 325 வோல்ட், அப்போ கணக்குப்படி 325 ஆம்பியர். லைன் இண்டக்டன்ஸ் (கரண்ட் சட்டுனு ஏறுறதை எதிர்க்குற குணம்) கொஞ்சம் குறைக்கும், ஆனா நூத்துக்கணக்குல தான் போகும். சி டைப் எம்சிபி அதோட ரேட்டிங்ல 5 மடங்குல இருந்து 10 மடங்குக்குள்ள உடனே விழுற மாதிரி செஞ்சது, பாவம் அது என்ன பண்ணும்.

சரி, அப்போ ஏன் எப்பவும் விழல? சுவிட்சை நாம அழுத்துற நேரத்துல ஏசியோட சைன் வேவ் (ஏறி இறங்குற அலை) எங்க இருக்குங்குறது நம்ம கையில இல்லையே. சரியா ஜீரோல போட்டா வோல்டேஜ் 5 மில்லிசெகண்ட் எடுத்து மெதுவா ஏறும், அப்போ கரண்ட்ங்குறது கெபாசிட்டன்ஸ் பெருக்கல் வோல்டேஜ் ஏறுற வேகம், 470 மைக்ரோவுக்கு 50 ஹெர்ட்ஸ்ல கிட்டத்தட்ட 48 ஆம்பியர் தான் வருது. பீக்ல போட்டா அதே கெபாசிட்டர் 325. ஒரே சர்க்யூட், ஒரே சுவிட்ச், ஆறேழு மடங்கு வித்தியாசம். என் டேபிள்ல நான் அதிர்ஷ்டசாலி, அவ்ளோ தான். அதுக்கப்புறம் கரண்டை அளக்க 0.1 ஓம் ஷண்ட் ரெசிஸ்டர் போட்டு, ஆசிலோஸ்கோப்பை சிங்கிள் ட்ரிகர்ல (ஒரு பல்ஸை புடிச்சு நிறுத்துற மாதிரி) வெச்சு முப்பது தடவை ஆன் ஆஃப் பண்ணி பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் வேற உயரம். மல்டிமீட்டர்ல இது தெரியவே தெரியாது, அது முழிக்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிருக்கும்.

உடனே, அப்போ வோல்டேஜ் ஜீரோவை தாண்டும்போது மட்டும் ஆன் ஆகுற எலக்ட்ரானிக் சுவிட்ச், அதாவது ஜீரோ கிராஸிங் சாலிட் ஸ்டேட் ரிலே போட்டா முடிஞ்சுதேன்னு தோணும். கெபாசிட்டருக்கு நல்லது தான், ஆனா அதே ரிலேவை தூக்கி ஒரு பெரிய டொராய்டு டிரான்ஸ்ஃபார்மர் முன்னாடி போட்டீங்கன்னா நிலைமை தலைகீழ், ஏன்னா டிரான்ஸ்ஃபார்மர் கோர் சாச்சுரேட் ஆகுறதுக்கு (காந்தம் நிரம்பி கரண்டை தடுக்க முடியாம போறதுக்கு) ஜீரோல போடுறது தான் ரொம்ப மோசமான நேரம்.

நான் முதல்ல போட்டது என்டிசி தெர்மிஸ்டர், சூடானா ரெசிஸ்டன்ஸ் குறையுற ரெசிஸ்டர், எல்லாரும் போடுறது தான். குளிர்ந்திருக்கும்போது 10 ஓம், அப்போ பீக்கே 32 ஆம்பியர் சொச்சம் தான், ஓடும்போது சூடாகி ஒரு ஓமுக்கு கீழ வந்துடும். பிரச்சினை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். ஒரு வாரம் கழிச்சு திரும்ப போன், இந்த தடவை கரண்ட் போய் உடனே வந்தப்போ விழுந்துச்சாம். யோசிச்சா நியாயம் தான், லோடு இருந்தா கெபாசிட்டர் ஒரு செகண்டுக்குள்ள காலி ஆயிடும், ஆனா என்டிசி ஆறுறதுக்கு ஒரு நிமிஷம் கிட்ட ஆகும், இந்த இடைவெளியில கரண்ட் வந்தா அது வெறும் வயர் மாதிரி தான்.

அப்புறம் தான் ரெசிஸ்டர் ரிலே ஐடியாவுக்கு வந்தேன். 47 ஓம் 10 வாட் வயர்வுண்ட் (கம்பி சுத்தின ரெசிஸ்டர்), அதுக்கு குறுக்க ஒரு ரிலே, அரை செகண்ட் கழிச்சு ரிலே மூடி ரெசிஸ்டரை பைபாஸ் பண்ணிடும். பீக் 7 ஆம்பியருக்குள்ள அடங்கிடுச்சு. இதுல வாட்டேஜை விட பல்ஸ் எனர்ஜி தான் முக்கியம். 470 மைக்ரோ 325 வோல்ட்ல தேக்குறது கிட்டத்தட்ட 25 ஜூல், டிசியில இருந்து சார்ஜ் பண்ணா எத்தனை ஓம் போட்டாலும் அதே 25 ஜூல் ரெசிஸ்டர்லயும் சூடா போகும், ஓம் கூட்டினா நேரம் தான் நீளும். வயர்வுண்ட் இதை தாங்கும், குட்டி சிப் ரெசிஸ்டர் போட்டா வெடிக்கும்.

ஆனா அந்த ரெசிஸ்டர்லயும் ஒரு தடவை புகை வந்துச்சு, அது வேற காரணத்துக்கு. ரிலே டிரைவ் பண்ற டிரான்சிஸ்டர்ல டிரை சோல்டர், அதாவது சரியா ஒட்டாத சோல்டர் (என் சோல்டர் தான், யாரை குத்தம் சொல்ல), ரிலே மூடவே இல்ல, கன்வெர்ட்டர் பாட்டுக்கு ஸ்டார்ட் ஆகி மொத்த லோடையும் 47 ஓம் வழியா இழுத்துடுச்சு. இப்போ ரெசிஸ்டர் மேல சூடு அதிகமானா அறுந்துடுற ஒரு தெர்மல் ஃபியூஸ் ஒட்டிட்டேன், ரிலே மூடுற வரைக்கும் கன்வெர்ட்டருக்கு எனேபிள் (ஸ்டார்ட் ஆகுற சிக்னல்) கிடையாது.

டிசி பக்கம்னா மாஸ்ஃபெட்டை (சுவிட்ச் மாதிரி வேலை செய்யுற டிரான்சிஸ்டர்) மெதுவா ஆன் பண்றது அழகான வழி, 24 வோல்ட்ல 10,000 மைக்ரோவை 1 ஆம்பியர்ல சார்ஜ் பண்ணா 0.24 செகண்ட். ஆனா அந்த நேரம் முழுக்க சூடு மாஸ்ஃபெட்ல தான், ஆரம்பத்துல 24 வாட். டேட்டாஷீட் முதல் பக்கத்துல போட்டிருக்குற 100 ஆம்பியரை நம்பாதீங்க, எந்த வோல்ட்ல எவ்ளோ கரண்டை எவ்ளோ நேரம் தாங்கும்னு காட்டுற சேஃப் ஆபரேட்டிங் ஏரியா கிராஃபை பாருங்க, சுவிட்ச்சிங்குக்குன்னே செஞ்ச மாஸ்ஃபெட் நிறைய இந்த மாதிரி பாதி ஆன்ல செத்துப் போகும்.

கடைசியா ஒண்ணு மாட்டுச்சு. ரிலே காயிலுக்கு சப்ளை அதே பெரிய கெபாசிட்டர்ல இருந்து தான் எடுத்திருந்தேன், அதனால கரண்ட் ஒரு கண்சிமிட்டுற நேரம் போனா கெபாசிட்டர் பாதி இறங்கியும் ரிலே விடாம புடிச்சிட்டு இருக்கும், லைன் திரும்ப வந்தா ரெசிஸ்டரே இல்லாம நேரா அடி. இப்போ லைனை ஏசி பக்கத்துலயே பார்க்குறேன், ரெண்டு சைக்கிள், அதாவது 40 மில்லிசெகண்ட் காணோம்னா ரிலேவை விட்டுடும், கன்வெர்ட்டரும் ஆஃப். அம்பது தடவை வேணும்னே டக் டக்னு ஆன் ஆஃப் பண்ணி பார்த்துட்டு தான் அவன்கிட்ட குடுத்தேன். நேத்து போன் பண்ணான். எம்சிபி விழலையாம், ராத்திரியில ரிலே சத்தம் கேக்குதாம்.