பெர்ல் பேசாமல் இருந்துவிடும் இடங்கள்

பெர்ல் என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்குவோருக்கு உதவுவது பல ஆண்டுகளாக என் அலுவலகப் பணியின் ஒரு பகுதியாக இருந்து வருகிறது. எங்களிடம் வந்து சேரும் இளைஞர்கள் கல்லூரியில் ஜாவாவும் பைத்தானும் படித்தவர்கள். இங்கே அவர்கள் கையில் கொடுக்கப்படுவதோ, இரவில் சர்வர்களின் லாக் கோப்புகளை, அதாவது அவற்றில் நடந்தவை பதிவான கோப்புகளைப் படித்துக் காலையில் அறிக்கை தரும் பழைய பெர்ல் ஸ்கிரிப்டுகள். 1987-இல் லாரி வால் இந்த மொழியை வெளியிட்டது இத்தகைய உரை அலசலையும் அறிக்கை வேலையையும் மனத்தில் வைத்துத்தான் என்பதால், அவை இன்றும் ஓடிக்கொண்டிருப்பதில் வியப்பில்லை. புதியவர்கள் திணறுவதற்கு டாலர், சதவீதம் போன்ற குறிகளே காரணம் என்று பலரும் சொல்வார்கள். அவை சில நாட்களில் கைக்குப் பழகிவிடும். நான் கண்டவரையில் உண்மையான தடை, பெர்ல் எதையும் எளிதில் மறுக்காது என்பதே. தவறாக எழுதினாலும் அதற்கு ஏதோ ஒரு பொருள் கொண்டு ஓடி முடித்துவிடும். பிழைச்செய்தி வருவதற்குப் பதிலாகப் பிழையான விடை வரும்.

“சார், எந்த ஊரைக் கொடுத்தாலும் ஒரே எண்ணிக்கைதான் வருது” என்று ஒரு பெண் தன் ஸ்கிரிப்டோடு வந்தார். ஊர்ப்பெயர்களை அவர் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டிருந்தார். பெர்லில் அது எண்களுக்கு உரியது. சொற்களை ஒப்பிட ‘ஈக்யூ’ என்ற தனிக் குறி உண்டு. சென்னையையும் மதுரையையும் எண்ணாகக் கொள்ளச் சொன்னால் இரண்டுமே பூஜ்யமாகிவிடுவதால், இரண்டும் சமம் என்ற விடை வந்துவிடுகிறது. நான் அந்த வரியைத் தொடவில்லை. ஸ்கிரிப்டின் தலையில், கண்டிப்பை இயக்கும் ‘யூஸ் ஸ்ட்ரிக்ட்’, எச்சரிக்கைகளை இயக்கும் ‘யூஸ் வார்னிங்ஸ்’ என்ற இரண்டு வரிகளைச் சேர்த்து மீண்டும் ஓட்டச் சொன்னேன். எண் அல்லாத ஒன்றை எண்ணாக ஒப்பிடுகிறாய் என்று வரி எண்ணோடு எச்சரிக்கை வந்தது. மீதியை அவரே சரி செய்துகொண்டார். பிழையை நான் காட்டியிருந்தால் அன்றைய வேலை முடிந்திருக்கும், ஆனால் அடுத்த பிழைக்கும் அவர் என் மேசைக்கே வந்திருப்பார்.

அந்த இரண்டு வரிகளும் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று புதியவர்களிடம் சொல்வது நியாயமாகாது. நிரலுக்குள் தனிப் பெயரோடு இருக்கும் ஒரு பகுதியான செயற்கூறுக்கு (ஃபங்ஷன்) அனுப்பிய கோப்பின் பெயரை உள்ளே வாங்கும்போது, அதை ஏந்தும் மாறியைச் சுற்றி அடைப்புக்குறி இடாமல் விட்டால், பெயருக்குப் பதிலாக எத்தனை மதிப்புகள் வந்தன என்ற எண்ணிக்கை அதில் அமர்ந்துவிடும். நிரல் ‘1’ என்ற பெயருள்ள கோப்பைத் தேடத் தொடங்கும். இலக்கண விதிப்படி இது சரியான பெர்ல் ஆகையால் எச்சரிக்கையும் எழாது. இங்கேதான் டேட்டா டம்ப்பர் என்ற மாட்யூலின் (இணைத்துக்கொள்ளும் துணை நிரலின்) அருமை தெரியும்: மாறியில் என்ன இருக்கிறது என்று நாம் நம்புவதை விட்டுவிட்டு, உண்மையில் இருப்பதை அது அச்சிட்டுக் காட்டுகிறது. விண்டோஸில் சேமித்த கோப்பை லினக்ஸில் படிக்கும்போது ‘சாம்ப்’ கட்டளை வரி முடிவுக் குறியை மட்டும் நீக்கி, விண்டோஸ் அதற்கு முன் இடும் கண்ணுக்குத் தெரியாத கேரியேஜ் ரிட்டர்ன் குறியை விட்டுவிடும். திரையில் இரண்டு சொற்களும் ஒன்றுபோலவே தெரிந்தாலும் பெயரைக் கொண்டு மதிப்பைத் தேடும் பட்டியலான ஹாஷில் தேடினால் கிடைக்காது. டம்ப்பரில் ‘யூஸ்க்யூக்யூ’ என்ற அமைப்பை இயக்கினால் அந்த மறைந்த குறி எழுத்து வடிவில் வெளியே வந்துவிடும். மணிக்கணக்கில் தேட வைக்கும் பிழை என்பதால் இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

தமிழ் உரையோடு வேலை செய்பவர்களுக்கு இன்னொரு அமைதியான குழி காத்திருக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் உள்ள கோப்பிலிருந்து அப்படியே படித்து நீளம் கேட்டால் 15 என்கிறது, அவை பைட்டுகள். கோப்பைத் திறக்கும்போதே குறியாக்கத்தைக் குறிப்பிட்டால் 5 என்கிறது. புள்ளியும் இகரக் குறியும் தனித்தனி யூனிகோடு குறிகளாக எண்ணப்படுகின்றன. நாம் பள்ளியில் எண்ணிய மூன்று எழுத்துகள் வேண்டுமென்றால், உரையில் வடிவங்களைத் தேட உதவும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பின்சாய்வுக்கோட்டுடன் பெரிய ‘எக்ஸ்’ இட்டு எண்ண வேண்டும். மூன்று விடைகளும் ஒவ்வொரு வகையில் சரியானவையே. எது வேண்டும் என்பதை நாம்தான் சொல்லியாக வேண்டும். பெர்ல் இந்த அளவு நுட்பமாகத் தமிழைக் கையாளும் என்பதைக் காணும்போது புதியவர்களுக்கு மொழியின்மேல் மரியாதை பிறப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, மொழியோடு வரும் கையேடுகளைக் காட்டும் ‘பெர்ல்டாக்’ கட்டளை போதும் என்பது என் எண்ணம். உபுண்டு லினக்ஸில் அதைத் தனிப் பொதியாக நிறுவ வேண்டியிருப்பதால் பலர் அது இல்லை என்றே நினைத்துவிடுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் கணிசமானவை தொண்ணூறுகளின் எழுத்துமுறையில் இருப்பவை. ‘பெர்ல் 6’ என்று தலைப்பிட்டவையோ, 2019-இல் ராகு என்று பெயர் மாறிய வேறொரு மொழிக்கானவை. பதிப்பு எண்ணைப் பார்க்கும் பழக்கமும் இதனோடு வர வேண்டும். 2022-இல் வந்த 5.36 பதிப்பை நிரலின் தலையில் அறிவித்தால் கண்டிப்பும் எச்சரிக்கையும் தாமாகவே இயங்கும். செயற்கூறின் மதிப்புகளைத் தலைப்பிலேயே பெயரிட்டு வாங்கலாம் என்பதால் மேலே சொன்ன அடைப்புக்குறிப் பிழைக்கு இடமே இருக்காது. ஆனால் ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7 ஓடும் பழைய சர்வரில் இருப்பது 5.16, வீட்டு மடிக்கணினியில் ஓடிய நிரல் அங்கே முதல் வரியிலேயே நின்றுவிடும். அதற்காக இயங்குதளத்தின் பெர்லை மாற்றக் கூடாது. அதன் கருவிகள் பல அதைச் சார்ந்தவை. பெர்ல் பதிப்புகளைத் தனியே நிறுவ உதவும் ‘பெர்ல்புரூ’ கொண்டு தனக்கென ஒரு பெர்லை நிறுவிக்கொள்வதே பாதுகாப்பான வழி.

புதியவர்களிடம் பழைய ஸ்கிரிப்டை ஒப்படைக்கும் மூத்தவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட நிரலில் ‘ஸ்ட்ரிக்ட்’ ஒன்றைச் சேர்த்த மாத்திரத்தில் அறிவிக்காத மாறிகளைப் பற்றிய பிழைகள் திரையை நிரப்பி, அது ஓடவே மறுக்கும். அந்த வேலையை முதல் நாளே அவர்கள் தலையில் ஏற்றக் கூடாது. இப்போதைய வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து வைத்துக்கொண்டு, முதலில் எச்சரிக்கைகளை மட்டும் இயக்கி, பிறகு ஒவ்வொரு செயற்கூறாகக் கண்டிப்புக்குள் கொண்டுவந்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் புதிய வெளியீட்டைப் பழையதோடு ‘டிஃப்’ கொண்டு ஒப்பிடச் சொல்கிறேன். வேறுபாடு வந்தால் அது புதியவரின் பிழையாகவும் இருக்கலாம், இத்தனை காலம் எவரும் கவனிக்காத பழைய பிழையாகவும் இருக்கலாம். எது என்று தீர்மானிக்கும்போது மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.