திரும்பிப் போக ஓர் ஊர்

நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு சிறு நகரம். அதன் கொம்யூனில், அதாவது நகரசபையில், புதிதாக வந்து குடியேறுபவர்களுக்கு வேலையும் படிப்பும் தேடிக் கொடுக்கும் பிரிவில் பதினைந்து வருடங்களுக்கு மேலாக வேலை செய்கிறேன். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அடுத்த வருட வரவுசெலவுத் திட்டம் எழுதுவதற்கு முன் மேலிடத்திலிருந்து ஓர் அட்டவணை கேட்பார்கள். எந்த நாட்டிலிருந்து வந்தவர்களில் எத்தனை வீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள், எத்தனை வீதம் பேர் குறைந்த வருமானத்தில் இருக்கிறார்கள், எத்தனை பேருக்குச் சொந்த வீடு இருக்கிறது என்று. ஒரு வருடம் அதைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வேலைவாய்ப்பின்படி அடுக்கியபோது ஐஸ்லாந்து மேலே போய் நின்றது, ஆப்கானிஸ்தான் கீழே. கூட்டத்தில் ஒருவர் அந்த இரண்டு வரிகளிலும் விரலை வைத்து, "இதுதான் பண்பாட்டு வித்தியாசம்" என்றார். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

அந்த இரண்டு வரிகளுக்குள்ளும் இருந்த சிலரை எனக்கு நேரில் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தது இன்றைக்கும் உறுத்துகிறது.

2009 வசந்தத்தில் நான் இந்த வேலைக்குப் புதிது. அப்போதுதான் ஐஸ்லாந்துக்காரர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வரத் தொடங்கினார்கள். 2008 ஒக்டோபரில் கௌப்திங், லான்ட்ஸ்பான்கி, கிளிட்னிர் என்ற அவர்களுடைய மூன்று பெரிய வங்கிகளும் ஒரே கிழமைக்குள் விழுந்திருந்தன. மூன்று லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் நாடு அது. அவர்களுடைய நாணயமான குரோனாவின் மதிப்பு ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. யென்னிலும் சுவிஸ் பிராங்கிலும் கடன் எடுத்து வீடும் காரும் வாங்கியவர்களுக்கு ஒரே குளிர்காலத்தில் கடன் இரட்டிப்பானது. வெளிநாட்டு நாணயத்தின் மதிப்போடு பிணைத்த அந்தக் கடன்கள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று ஐஸ்லாந்து உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2010 ஜூனில்தான். அதற்குள் பலர் கப்பலும் விமானமும் ஏறிவிட்டார்கள். 2009 இல் மட்டும் அந்த நாட்டுக்குள் வந்தவர்களைவிட வெளியேறியவர்கள் ஏறத்தாழ 4,800 பேர் அதிகம். ஐஸ்லாந்தர்கள் அதிகமாகப் போய்ச் சேர்ந்த இடம் நோர்வே.

அவர்களில் ஒரு தச்சுத் தொழிலாளி என் மேசைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தார். கடன்பட்ட நெஞ்சின் கலக்கம் என்று நாம் சொல்வதை நான் ஒரு முகத்தில் பார்த்தது அன்றுதான். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஐஸ்லாந்தர் என்றதும் பணக்காரர் வசதி பார்த்து இடம் மாறியதாக எங்கள் அலுவலகத்திலேயே சிலர் நினைத்தார்கள். அவர் கையில் ஒரு பெட்டி உளிகளும் ஒரு வங்கிக் கடிதமும்தான் இருந்தன.

ஆனால் அவருக்குப் பின்னால் இன்னும் சில இருந்தன. அவருக்கு விசா வேண்டாம், வதிவிட அனுமதி வேண்டாம். நோர்டிக் நாட்டுக் குடிமகன் என்பதால் வந்து பதிவு செய்தால் போதும். ஊரில் கிடைத்துவந்த வேலையில்லாதோர் கொடுப்பனவை மூன்று மாதம் இங்கே கொண்டுவந்து வேலை தேட ஐரோப்பியப் பொருளாதார வலயத்தின் விதிகள் இடம் கொடுத்தன. ஐஸ்லாந்துப் பள்ளிகளில் டேனிஷ் கட்டாய பாடம், அது எழுத்தில் நோர்வேஜிய மொழிக்கு மிகவும் கிட்ட. அவர் தட்டுத்தடுமாறி டேனிஷில் கதைக்க, எதிரே இருந்த கட்டுமானக் கம்பனிக்காரருக்கு விளங்கியது. அவருடைய தொழிற்சான்றைப் பார்த்து யாரும் புருவம் உயர்த்தவில்லை. வந்த ஒரு கிழமைக்குள் வேலை. விரும்பினால் இரண்டே வருடத்தில் நோர்வேக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

நான் அவருக்குச் செலவழித்தது இருபது நிமிடம். கோப்பை மூடிவிட்டேன்.

2015 இல் வேறு மாதிரியான ஆட்கள் வந்தார்கள். அந்த வருடம் நோர்வேயில் 31,000 க்கும் அதிகமானோர் தஞ்சம் கேட்டார்கள், அவர்களில் ஏறத்தாழ 7,000 பேர் ஆப்கானியர்கள். சிலர் வடக்கே ரஷ்ய எல்லையில் இருக்கும் ஸ்டோர்ஸ்கூக் கடவையைச் சைக்கிளில் கடந்து வந்தவர்கள். அந்த எல்லையை நடந்து கடக்க ரஷ்யப் பக்கத்தில் அனுமதி இல்லை. அதனால் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, சில நூறு மீற்றர் மிதித்து, இந்தப் பக்கம் வந்ததும் போட்டுவிடுவார்கள். அங்கே சைக்கிள்கள் குவிந்து கிடந்த படங்களைச் செய்தியில் பார்த்தபோது, அதில் ஒன்றை ஓட்டி வந்தவர் மறு வருடம் என் மேசைக்கு வருவார் என்று நினைக்கவில்லை.

அவர் ஒரு ஹஸாரா, ஆப்கானிஸ்தானின் சிறுபான்மை இனத்தவர். மேசன் வேலை செய்பவர். சிறுவயதில் பெற்றோர் ஈரானுக்கு ஓடிப் போனதால், பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் தெஹ்ரானில் செங்கல் சுமந்திருக்கிறார். 2001 இல் தலிபான் ஆட்சி விழுந்தபின் காபூலுக்குத் திரும்பி, கலியாணம் கட்டி, மேசன் வேலை செய்தார். வரவேற்பு உரையாடலில் படிவத்தின்படி கேள்வி கேட்டேன். "உங்கள் தொழிற்கல்விச் சான்றிதழ்?" மொழிபெயர்ப்பாளர் தரி மொழியில் கேட்டார். அவர் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து விரித்துக் காட்டினார். நான் படிவத்தில் "சான்றிதழ் இல்லை" என்று எழுதினேன். வேறு எதை எழுதுவதற்கும் அதில் கட்டம் இல்லை.

ஆப்கானியர்களுக்கு உதவி கிடைக்கவில்லை என்று நான் சொல்லவரவில்லை. அகதியாக ஏற்கப்பட்டவருக்கு இங்கே அறிமுகத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. முழுநேர வகுப்பு, மொழி, வேலைப் பயிற்சி, அதற்கு ஒரு மாதாந்தக் கொடுப்பனவு. ஐஸ்லாந்தருக்கு அந்த உரிமை கிடையாது, இலவச மொழி வகுப்புக்கூட இல்லை. அதை வைத்து, "இவ்வளவு செய்தும் பார், எங்கே நிற்கிறார்கள்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. இரண்டு வருடப் படிப்பால், முப்பது வருடம் கிடைக்காமல் போனதை ஈடுசெய்ய முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும் இடத்தில் பெயரும் குறுக்கே நிற்கும். 2012 இல் ஒஸ்லோவில் வெளியான ஓர் ஆய்வில், ஒரே தகுதிகளோடு அனுப்பிய விண்ணப்பங்களில் பாகிஸ்தானியப் பெயர் இருந்தவற்றுக்கு நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு ஏறத்தாழ 25 வீதம் குறைவாகவே வந்தது. ஐஸ்லாந்துப் பெயரோ நோர்வேக்காரருக்குத் தன் பாட்டன் பூட்டன் பெயர் போலக் கேட்கும்.

அப்புறம் அந்தக் குறைந்த வருமானக் கணக்கு. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் அட்டவணையைப் படிப்பவர்களில் பலருக்கு அது எப்படி வருகிறது என்று தெரியாது. வீட்டின் மொத்த வருமானத்தை ஆட்களின் எடையால் வகுப்பார்கள். முதல் பெரியவருக்கு 1, அடுத்த பெரியவருக்கு 0.5, பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 0.3. அப்படி வரும் தொகை, நாட்டின் நடு வருமானத்தில் 60 வீதத்துக்குக் கீழே மூன்று வருடச் சராசரியில் இருந்தால் அது நீடித்த குறைந்த வருமானம். பிள்ளைகள் இல்லாத ஐஸ்லாந்துத் தம்பதி இருவரும் வேலை செய்தால் இரண்டு சம்பளத்தை 1.5 ஆல் வகுக்கிறோம். மேசனின் வீட்டில் கணவன், மனைவி, நான்கு பிள்ளைகள். ஒரு சம்பளம், அதை வகுப்பது 2.7 ஆல். அவர் என்ன ஓடினாலும் அந்தக் கோட்டைத் தாண்டுவது கடினம்.

மனைவி ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேட்பார்கள். அவர் 2018 இல் குடும்ப இணைவில் வந்தார். 1996 இல் தலிபான்கள் காபூலைப் பிடித்தபோது நான்காம் வகுப்பில் இருந்தவர். பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன, அவருடைய படிப்பு அதோடு நின்றது. அதன்பிறகு அவர் மறுபடி ஒரு வகுப்பறையில் உட்கார்ந்தது எங்கள் ஊரில்தான், முப்பத்திரண்டு வயதில். முதல் நாள் பென்சிலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார் என்று அவருடைய ஆசிரியை சொன்னார். "வேலையற்றவர்" என்ற எண்ணுக்குள் அவரும் ஒருவர்.

வருமானத்தில் ஒரு பகுதி ஊருக்குப் போகிறது. ஈரானில் இருக்கும் தாய்க்கு, காபூலில் இருக்கும் தம்பிக்கு. வங்கி வழியாக அல்லாமல் ஆள் மூலம் காசு அனுப்பும் ஹவாலாக்காரரிடம் கொடுத்து அனுப்புவது பற்றி அவர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "எங்கள் ஆட்கள் அதை உண்டியல் என்பார்கள்" என்றேன். முதல்முறையாகச் சிரித்தார். எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத்துக்கு உண்டியலில் காசு போகாத மாதம் இருந்ததில்லை. வீட்டின் வருமானத்தைக் கணக்கிடும்போது அந்தக் காசு இங்கேயே இருப்பதாகத்தான் கணக்கு. குளிர்சாதனப் பெட்டிக்குள் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஆனாலும் எனக்குக் கண் திறந்தது இவை எதனாலும் அல்ல. அட்டவணைக்கு எண்கள் எடுக்கும்போது, என் பழைய கோப்புகள் சிலவற்றைத் தேடினேன். அந்த ஐஸ்லாந்துத் தச்சர் பதிவில் இல்லை. விசாரித்தபோது தெரிந்தது, 2011 குளிர்காலத்தில் சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டிருக்கிறார். மாதக்கணக்கில் வாடகை அறையில் தனியே கிடந்திருக்கிறார். ஒருமுறை எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார், யாரும் அவருக்கு நேரம் ஒதுக்கவில்லை. "ஐஸ்லாந்தருக்கு என்ன குறை" என்ற எண்ணம்தான். பிறகு ஊருக்குப் போய்விட்டார். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே "வெளியேறியவர்" என்று இருந்தது, அவ்வளவுதான்.

அப்போதுதான் விளங்கியது. இங்கே சரிவராத ஐஸ்லாந்தர் திரும்பிப் போகிறார். போனதும் எங்கள் அட்டவணையிலிருந்து மறைகிறார். மிஞ்சுபவர்கள் சரிவந்தவர்கள், மேல்வரி அவர்களால் ஆனது. சிலருக்கோ முழுதாக வரவேண்டிய தேவைகூட இல்லை. வங்கிகள் விழுந்த பிறகு ஐஸ்லாந்து மருத்துவர்களும் தாதியரும் நோர்வே மருத்துவமனைகளில் சில கிழமை வேலை செய்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சரிவராத ஆப்கானியருக்குப் போக இடமில்லை. முதுகு முறிந்தாலும், வேலை போனாலும், மனம் உடைந்தாலும் அவர் இங்கேயேதான் இருப்பார், எண்ணப்படுவார். வெற்றி பெற்றவர்களை மட்டும் ஒரு பக்கமும், எல்லோரையும் மறுபக்கமும் வைத்துவிட்டு, இதுதான் வித்தியாசம் என்று ஒரு கூட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். திரும்பிப் போக ஓர் ஊர் இருப்பது ஒரு சொத்து. அதுவும் நல்ல பெறுமதியான சொத்து.

"உங்கள் தமிழர்களைப் பாருங்கள், அவர்களும் அகதிகள்தானே, எப்படி முன்னேறினார்கள்" என்று என்னிடமே சொல்வார்கள். இந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. இலங்கையிலிருந்து வந்தவர்களில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் அதிகம் என்பது உண்மை. ஆனால் எங்களுக்கு முன் ஒரு பாதை போடப்பட்டிருந்தது. இங்கே வந்த முதல் தமிழர் என்று சொல்லப்படும் அன்ரனி இராஜேந்திரம் நோர்வேக்கு வந்தது 1956 இல். பின்னால் நாட்டார் உயர்கல்லூரிகள் என்ற விடுதிப் பள்ளிகள் எங்கள் இளைஞர்களுக்கு மாணவர் அனுமதி கொடுத்தன. வடக்கே ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்ட காலம் அது, மொழி தெரியாவிட்டாலும் கத்தி பிடிக்கத் தெரிந்தால் சம்பளம். என் அப்பா வெள்ளாப்பில் பனிக்குள் நடந்துபோய் நாள் முழுக்க மீன் வெட்டினார், ஊரில் கணக்கு வாத்தியார். இன்றைக்கு அந்த மாதிரி வேலைகள் குறைவு. மேசன் வேலைக்கே சான்றிதழும் பாதுகாப்புப் பாடநெறியும் நோர்வேஜிய மொழியும் கேட்கிறார்கள். எங்கள் பெயரைச் சொல்லி இன்னொருவரை அடிக்க நான் விடமாட்டேன்.

மறுவருடம் அட்டவணையை வேறு விதமாகச் செய்தேன். வந்து எத்தனை வருடம், வந்தபோது என்ன வயது, ஆணா பெண்ணா என்று பிரித்தேன். வெளியேறியவர்களுக்குத் தனி நிரல் ஒன்று சேர்த்தேன். அந்த நிரலில் ஐஸ்லாந்துக்கு நேரே இருந்த எண் பெரிது. ஆப்கானிஸ்தானுக்கு நேரே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. "இது ஏன் தேவை, குழப்பமாக இருக்கிறதே" என்று ஒருவர் கேட்டார். இந்த முறை நான் பேசினேன், நீண்ட நேரம். சிலர் கேட்டார்கள், சிலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஆனால் அந்த நிரல் இப்போதும் இருக்கிறது.

2021 ஓகஸ்ட் 16, திங்கட்கிழமை. முதல் நாள் காபூல் விழுந்திருந்தது. காலையில் அலுவலகத்துக்குப் போனபோது கதவுக்கு வெளியே அந்த மேசன் நின்றார். அவருடைய கோப்பு எப்போதோ மூடப்பட்டது, அவர் வரவேண்டிய தேவையே இல்லை. கண்கள் சிவந்திருந்தன. தம்பியோடு இரவு முழுக்கத் தொடர்பு கிடைக்கவில்லை என்றார். "வயது போனபிறகு அங்கே போய் என் கையாலேயே ஒரு வீடு கட்டலாம் என்று நினைத்திருந்தேன்" என்றார், இப்போது நன்றாகவே வரும் நோர்வேஜிய மொழியில். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். அவருடைய மூத்த மகளுக்கு அந்தக் கிழமை மேல்நிலைப் பள்ளி தொடங்குகிறது. சுகாதாரப் பிரிவு கிடைத்திருக்கிறது. பள்ளிக்கூடம் ஊருக்கு அந்தப் பக்கம், எந்த பஸ் என்று தாளில் சரியாக விளங்கவில்லை. மகளைக் கேட்டால், அவள் தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்.

நாங்கள் இரண்டு பேரும் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து பஸ் நேரத்தைத் தேடினோம். காலை ஏழு இருபதுக்கு ஒன்று இருந்தது. அவர் அதைத் தாளின் பின்பக்கம் எழுதி, ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.