பாப்பாவோடு நீலகிரிக்கு: ஒரு ரயில் பயண ஏற்பாட்டின் நாட்குறிப்பு

டிசம்பர் 29, 2024, ஞாயிறு

மார்ச் முதல் வாரம் நீலகிரி போவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. நான், அவர், அம்மா, பாப்பா. போகும்போது பாப்பாவுக்கு இரண்டே கால் வயது இருக்கும். காரா ரயிலா என்ற பேச்சுதான் ராத்திரி வரை ஓடியது. அவருக்குக் கார் ஓட்டப் பிடிக்கும், நினைத்த இடத்தில் நிறுத்தலாம் என்பார், அது உண்மைதான். ஆனால் சென்னையிலிருந்து ஊட்டி 500 கிலோமீட்டருக்கு மேல். பகல் முழுக்க பெல்ட் போட்டு உட்கார இந்த வயதுப் பிள்ளை ஒத்துக்கொள்ளாது, அழ ஆரம்பித்தால் யாராவது எடுத்து மடியில் வைத்துக்கொள்வோம், ஓடுகிற காரில் பிள்ளையை மடியில் வைப்பது எனக்குச் சம்மதமே இல்லை. போதாக்குறைக்கு, போன மே மாதத்திலிருந்து சொந்த வண்டியில் நீலகிரிக்குள் போக இ-பாஸ் எடுக்க வேண்டும். ரயிலுக்கும் அரசு பஸ்ஸுக்கும் அந்தத் தொல்லை கிடையாது. அம்மா கடைசியில் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "பிள்ளை தூங்குற நேரத்துல ஊர் போய்ச் சேரணும்." நீலகிரி எக்ஸ்பிரஸ் ராத்திரி ஒன்பதுக்கு மேல் சென்ட்ரலில் கிளம்பி விடிகாலை மேட்டுப்பாளையம் போகிறது. சரி, ரயில்தான்.

ஜனவரி 2, 2025, வியாழன்

இன்று மலை ரயில் பற்றித்தான் யோசனை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர், காலை 7.10-க்குக் கிளம்பி மேலே போய்ச் சேர கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். பெரியவர்களுக்கு அது சொர்க்கம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு, அதுவும் ராத்திரி முழுக்க ரயிலில் வந்த பிறகு, ஐந்து மணி நேரம் அதிகம். பெட்டியில் கழிப்பறையும் கிடையாது, நடுவில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்தும் ஸ்டேஷன்களில் இறங்கித்தான் போக வேண்டும்.

அதனால் ஊட்டியில் தங்கும் எண்ணத்தையே விட்டுவிட்டேன். குன்னூரில் இறங்கிக்கொள்வோம். இந்தப் பாதையின் உயிரே கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான்: அங்கேதான் தண்டவாளத்துக்கு நடுவில் பல் தண்டவாளம், இன்ஜினின் பல் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும், 12 அடி போனால் ஒரு அடி உயரம். நீராவி இன்ஜினும் குன்னூர் வரைதான், அதற்கு மேல் டீசல். முதலில் குன்னூர் வரைதான் போட்டார்கள், 1899-ல், ஊட்டிக்கு நீண்டது 1908-ல்தான். ஆக பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துவிட்டு பத்தரை மணி வாக்கில் இறங்கி, குளித்து, சாப்பிட்டு, பாப்பாவின் மதியத் தூக்கத்துக்குள் அறைக்குப் போய்விடலாம். ஊட்டிக்கு மறுநாள் சின்ன ரயிலில் ஒரு நடை போய் வரலாம், முடியாவிட்டால் பாதகமில்லை. யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன், சின்னப் பிள்ளையோடு போனால் பார்க்கிற இடங்களைப் பாதியாகக் குறையுங்கள், பகல் தூக்கத்தை மட்டும் குறைக்காதீர்கள்.

ஜனவரி 4, சனி

நாளைக் காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கிறது. முன்பு 120 நாள் இருந்ததை நவம்பரிலிருந்து 60 ஆக்கிவிட்டார்கள், பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். மார்ச் 6 இரவு வண்டிக்கு ஜனவரி 5, மறுநாள் மலை ரயிலுக்கு ஜனவரி 6.

பாப்பாவுக்கு டிக்கெட் எடுப்பதா என்று நல்ல வாக்குவாதம். 5 வயதுக்குக் கீழே இருந்தால் டிக்கெட்டே வேண்டாம், ஆனால் படுக்கையும் கிடைக்காது. படுக்கை வேண்டுமென்றால் பெரியவர்களுக்கான முழுக் கட்டணம். இலவசமாகக் கூட்டிப் போக முடிகிற பிள்ளைக்கு எதற்கு முழுக் காசு என்று அவர் கேட்டார், நியாயமான கேள்வி. நான் சொன்ன கணக்கு இது. மூன்றடுக்கு ஏசியில் கீழ் பெர்த்தில் நானும் பாப்பாவும் படுப்போம். அதற்கு மேலே உள்ள நடு பெர்த் வேறு யாருக்காவது இருந்தால் பத்து மணிக்கு அதை விரித்துவிடுவார்கள், காலை ஆறு வரை நிமிர்ந்து உட்கார முடியாது. நடு ராத்திரியில் பிள்ளை எழுந்து பால் கேட்டால் கழுத்தை வளைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும். அந்த நடு பெர்த் பாப்பாவின் பெயரில் இருந்தால் அதை விரிக்காமலே விட்டுவிடலாம், ராத்திரி முழுக்க என் தலைக்கு மேலே இடம் இருக்கும். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எடுத்துவிடு என்றார்.

அடுத்தது அம்மாவுக்குக் கீழ் பெர்த். 45 வயது தாண்டிய பெண்களுக்கு என்று தனி ஒதுக்கீடு உண்டு, ஆனால் தனியாகவோ, அதே தகுதியுள்ள இன்னொருவருடன் இரண்டு பேராகவோ டிக்கெட் எடுத்தால்தான் அது பொருந்தும். அம்மாவுக்குத் தனியாக எடுத்தால் கீழ் பெர்த் கிடைக்கும், ஆனால் வேறு பெட்டியில் விழுந்துவிட்டால்? பாப்பா தூக்கக் கலக்கத்தில் தேடுவது ஆச்சியைத்தான். ஒரே டிக்கெட்டாகப் போடுவோம், ஒரு கீழ் பெர்த்தாவது கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்று ஐஆர்சிடிசியில் இருக்கும் கட்டத்தை டிக் செய்வோம் என்று முடிவு.

ஜனவரி 6, திங்கள்

இரண்டும் கிடைத்துவிட்டது! நீலகிரி எக்ஸ்பிரஸில் நான்கு பெர்த்தும் ஒரே அடைப்பில், 33, 34, 36, 37. இரண்டு கீழ், இரண்டு நடு. பெட்டியின் நடுப்பகுதி, கதவு அடிக்கும் சத்தமும் கழிப்பறை நடமாட்டமும் இருக்காது. மலை ரயிலில் முதல் வகுப்பு கண் முன்னாலேயே போய்விட்டது, இரண்டாம் வகுப்பு உறுதியாகிவிட்டது. பெயர், வயது, அடையாள அட்டை விவரம் எல்லாவற்றையும் முந்தின நாளே பயணியர் பட்டியலில் சேமித்து வைத்தது ரொம்ப உதவியது, எட்டு மணிக்கு உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது. திரும்பும் டிக்கெட்டுக்கு புதன்கிழமை.

பிப்ரவரி 9, ஞாயிறு

தடுப்பூசிக்காகப் போனபோது டாக்டரிடம் பயணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டேன். பயணத்தில் வயிறு புரட்டுவது 2 வயதுக்கு மேல்தான் அதிகமாகத் தெரியும், கிளம்பும் முன் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், போன் பார்க்க விடாமல் வெளியே பார்க்கச் சொல்லுங்கள் என்றார். காய்ச்சல் மருந்து எடை பார்த்து எத்தனை மில்லி என்று சீட்டிலேயே எழுதித் தந்தார், ஓஆர்எஸ் பொட்டலம் கையில் இருக்கட்டும் என்றார்.

ரயிலில் தூங்க வைப்பதற்காகச் சளி மருந்து கொஞ்சம் ஊற்றிவிடு என்று சொந்தத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். டாக்டர் அதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கூடவே கூடாது, சில பிள்ளைகளுக்கு மூச்சு மந்தமாகும், சிலதுகளுக்குத் தூக்கத்துக்குப் பதில் ஆட்டம் கூடும் என்றார். நம் வீடுகளில் இதைச் சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்கள், அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ரயில் சத்தம் பழகட்டும் என்று பாப்பாவைத் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் கூட்டிப் போனோம், ஞாயிறு காலை, கூட்டம் இல்லை. எதிர் ரயில் விர்ரென்று கடக்கும்போது மட்டும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கிண்டி தாண்டியதும் அவளே எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "கூ... கூ..." என்று ஆரம்பித்துவிட்டாள். பிளாட்பாரத்தில் கையை விடக்கூடாது என்பதுதான் இன்றைய பாடம். அவள் பெயர் எழுதாமல், எங்கள் இருவர் போன் எண்ணை மட்டும் எழுதிய ஒரு துணிப்பட்டையைச் சட்டையின் உட்புறம் தைத்துவிடப் போகிறேன். அவசரம் என்றால் ரயிலுக்கு 139, குழந்தைக்கு 1098, இரண்டும் அம்மா போனில் பதிந்தாகிவிட்டது.

மார்ச் 2, ஞாயிறு

பை கட்டும் நாள். அம்மா முதலில் எடுத்து வைத்தது பழைய பருத்திச் சேலை, தூளி கட்ட. என்னையெல்லாம் திருநெல்வேலி போகும் ரயிலில் தூளியில் போட்டுத்தான் தூங்க வைத்தார்களாம். ஆனால் இந்தப் பெட்டியில் பெர்த் சங்கிலியில் முடிச்சுப் போட்டு, துள்ளுகிற இந்த வயதுப் பிள்ளையைத் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை. சுவர்ப் பக்கம் பாப்பா, விளிம்புப் பக்கம் நான் என்று சொல்லிவிட்டேன். சேலை வரட்டும், ஏசிக் குளிருக்குப் போர்த்திவிட அதைவிட மெத்தென்று எதுவும் இல்லை.

சாப்பாட்டில் பெரிய யோசனை இல்லை. ராத்திரிக்கு நல்லெண்ணெய்ப் பொடி தடவிய இட்லி, எங்களுக்குப் புளியோதரை, காலைக்கு வாழைப்பழமும் சத்துமாவும். காய்ச்சிய பாலைச் சூடாகக் கொண்டுபோனால் விடிவதற்குள் திரிந்துவிடும், அதனால் காய்ச்சாமலே குடிக்கக்கூடிய சின்ன அட்டைப் பெட்டிப் பால், பிளாஸ்கில் வெந்நீர் மட்டும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், கேரி பேக் எதற்கும் அனுமதி இல்லை, எல்லோருக்கும் எவர்சில்வர் பாட்டில், மஞ்சப்பை. டயப்பரை ரயில் கழிப்பறைக்குள் போட்டால் அடைத்துக்கொள்ளும், பழைய செய்தித்தாளில் இறுகச் சுற்றி ஒரு தனிப் பையில் வைத்து குப்பைத் தொட்டியில் போட வேண்டும். இதற்கென்றே செய்தித்தாள் ஒரு கட்டு.

ஸ்வெட்டர், குல்லா, காலுறை மூன்றும் கைப்பையில், பெட்டிக்குள் இல்லை. விடிகாலையில் யார் பெட்டியைத் திறப்பது?

மார்ச் 6, வியாழன், இரவு

ரயிலில் இருந்து எழுதுகிறேன். பாப்பா வழக்கமாக எட்டரைக்குத் தூங்குகிறவள், அதனால் மதியத் தூக்கத்தை வேண்டுமென்றே ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டோம். வீட்டிலேயே குளிப்பாட்டி, இரவு உடை மாட்டித்தான் கிளம்பினோம். இட்லி சென்ட்ரலில் உட்கார்ந்தே முடிந்தது. அரக்கோணம் வரும் முன் தூங்கிவிட்டாள். 34-ஐ விரிக்கவில்லை, நான் இப்போது சாய்ந்து உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், அந்தக் காசு வீண் போகவில்லை.

மார்ச் 7, வெள்ளி, குன்னூர்

மேட்டுப்பாளையத்தில் இறங்கி எதிர் பிளாட்பாரம், அங்கேயே நீல நிற வண்டி நிற்கிறது. முகம் கழுவி, பால் கொடுத்து, டயப்பர் மாற்ற நேரம் இருந்தது. ஏறும்போது இன்ஜின் பின்னால் இருந்து தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் பிரேக் போட ஒரு ஊழியர் பச்சைக் கொடியோடு நிற்கிறார். எங்கள் பெட்டிக்காரர் பாப்பாவைப் பார்த்துக் கொடியை ஒருமுறை கூடுதலாக ஆட்டினார், அதிலிருந்து ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அவர் கொடி எடுக்கும் வரை இவள் வேறெங்கும் பார்க்கவில்லை. குகைக்குள் போகும்போது பெட்டியில் எல்லோரும் ஓவென்று கத்துகிறார்கள், முதல் குகையில் பயந்தாள், அடுத்ததிலிருந்து இவள்தான் முதலில் கத்தினாள். பாறையும் குகைச் சுவரும் ஜன்னலுக்கு ரொம்ப நெருக்கம், கையை வெளியே நீட்டாமல் உள் பக்கம் மடியில் வைத்துக்கொண்டோம்.

ஹில்குரோவில் இன்ஜினுக்குத் தண்ணீர். எல்லோரும் இறங்கினோம், டீ குடித்தோம், கழிப்பறை வேலையும் முடிந்தது. குரங்குகள் அதிகம், வாழைப்பழத்தை வண்டிக்குள்ளேயே விட்டுவிட்டு இறங்குவது நல்லது. அதற்கு மேல் ஒரு மணி நேரம் அவள் கொஞ்சம் சிணுங்க ஆரம்பித்தாள். குன்னூரில் இறங்குகிறோம் என்பதில் அந்த நேரத்தில் எனக்கு எவ்வளவு நிம்மதி! மதியம் அறையில் இரண்டரை மணி நேரம் அசையாமல் தூங்கினாள். மாலையில் சிம்ஸ் பூங்கா. 1874-ல் உண்டாக்கிய இடம், மரங்கள் ஒவ்வொன்றும் கிழவர்கள், புல்வெளியில் ஓட விட்டோம், அவ்வளவுதான் இன்றைய நிகழ்ச்சி.

மார்ச் 8, சனி, இரவு

காலையில் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு டீசல் வண்டி. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல். கேத்திப் பள்ளத்தாக்கு திறந்துகொண்டதும் அம்மா "ஏ யம்மா" என்று எழுந்தே நின்றுவிட்டார். ஊட்டியில் ஏரி, தொட்டபெட்டா எதற்கும் போகவில்லை, ஸ்டேஷனுக்கு அருகிலேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டோம். அவருக்கு அதில் லேசான ஏமாற்றம், எனக்குப் புரிகிறது, அடுத்த முறை அவரும் அம்மாவும் தனியாகப் போய் வரட்டும்.

நாளை மதியத் தூக்கம் முடிந்த கையோடு குன்னூர் ஸ்டேஷன், இறங்கும் மலை ரயிலில் மாலைக்குள் மேட்டுப்பாளையம். சென்னை வண்டிக்கு அங்கே நிறைய நேரம் இருக்கிறது, பாப்பாவின் ராத்திரிச் சாப்பாட்டை அங்கேயே முடித்துவிட வேண்டும். அட்டைப் பெட்டிப் பால் மிச்சம் இருக்கிறது, செய்தித்தாள் மட்டும் வாங்க வேண்டும்.