கலைவிழாவுக்கு மறுநாள்

பல மொழி, பல பண்பாட்டுப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கும் வகுப்பு என்றாலே வருஷத்துக்கு ஒரு கலைவிழா, நாலு புகைப்படம் என்று முடித்துவிடுகிறோம். விழா நல்லதுதான். மறுநாள் பாடவேளையில், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை கை தூக்குமா?

என்னைக் கேட்டால் முதலில் தேவை பொறுமை. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சுமார் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கல்வியாளர் மேரி பட் ரோ ஆய்வு செய்து சொன்னார். 3 நொடி பொறுத்தாலே பதில்கள் நீள்கின்றன, வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். வீட்டு மொழியில் யோசித்து வகுப்பு மொழியில் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய சலுகை!

“நல்லாத்தானே பேசுறான், பரீட்சையில மட்டும் ஏன் இப்படி?” ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கும் புலம்பல். புது மொழியில் அன்றாடப் பேச்சு சுமார் 2 ஆண்டில் வந்துவிடும், பாடப்புத்தகத்திலும் பரீட்சையிலும் வரும் பாடமொழி கைவர 5 முதல் 7 ஆண்டு ஆகலாம் என்கிறார் இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ். அதற்குள் ‘மந்தம்’ என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

குழு வேலைக்கு எனக்குப் பிடித்தது ‘ஜிக்சா’ முறை. 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டினில், கறுப்பின, வெள்ளையின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் சேர்ந்து உரசல் கிளம்பியபோது உளவியலாளர் எலியட் ஆரன்சன் கொண்டுவந்தது. பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கொன்று கொடுப்பார்கள்; அவரவர் துண்டை அவரவரே மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். திக்கித் திக்கிப் பேசும் பிள்ளையிடம்தான் மூன்றாவது துண்டு இருக்கிறது என்றால், கேலி செய்தவனும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டே ஆக வேண்டும்!

அப்புறம், பெயர். வாயில் நுழையவில்லை என்று நீங்களே சுருக்கிக் கூப்பிடாதீர்கள். அந்தப் பிள்ளையிடமே கேட்டு, சரியாக வரும்வரை சொல்லிப் பாருங்கள்.