ராத்திரியில் மட்டும் ஏறும் முள்

"இன்னா ணா, டீசலே போடல, முள்ளு மேல ஏறுது" என்றுதான் அந்தத் தம்பி பேச்சை ஆரம்பித்தார். டாக்ஸி ஓட்டுகிறவர். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களைக் காட்பாடி ஸ்டேஷனிலிருந்து கூட்டி வருவார். வைத்தியம் முடிந்து திரும்புகிறவர்களைச் சென்னை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுவார். வங்காளம், ஜார்க்கண்ட் என்று தூரத்திலிருந்து வரும் குடும்பங்கள். விமானம் விடிகாலையில் இருந்தால் வேலூரிலிருந்து ராத்திரியே கிளம்ப வேண்டும். அந்த ராத்திரிச் சவாரியில்தான் தொந்தரவு.

டீசல் முள் ஏறினால் கவலையில்லை, கூடவே ஹீட் முள்ளும் ஏறியது. வாலாஜாப்பேட்டை தாண்டும்போது சிவப்புக் கோட்டின் பக்கத்தில் போய்விடுமாம். ஆபரேஷன் முடிந்த ஒரு பெரியவரைப் பின் சீட்டில் படுக்கவைத்துக்கொண்டு, வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். ரேடியேட்டரில் கொதிப்பு இல்லை, தண்ணீர் அளவும் சரியாக இருந்தது. அரை மணி நேரம் நின்றுவிட்டுப் பயந்து பயந்து ஓட்டிப் போயிருக்கிறார். இப்படி நாலு தடவை.

வண்டி ஒயரிங் பார்க்கும் என்னிடம் வருவதற்கு முன்பே வேறு இடங்களில் பார்த்தாகிவிட்டது. தெர்மோஸ்டாட் மாற்றினார்கள், ஹீட் சென்சார் மாற்றினார்கள், கூலன்ட் புதிதாக ஊற்றினார்கள். கடைசியில் ஒருவர், "மீட்டர் போர்டே போயிடுச்சு" என்று சொல்லிப் பழைய வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய மீட்டரை மாட்டிவிட்டார். மாட்டின ராத்திரியே முள் மறுபடி ஏறியது.

இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறுகிறது என்று அவர் சொன்னபோதே எனக்கு என் பாய் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

நான் தொழில் பழகியது கொணவட்டத்தில், லாரி ஒயரிங் பார்க்கும் ஒரு ஷெட்டில். முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். 24 வோல்ட் லாரிகள்தான் அதிகம், எப்போதாவது பழைய கார் ஒன்று வரும். அப்படி வந்த ஒரு காரில் பெட்ரோல் முள் ஃபுல்லிலும் ஹீட் முள் உச்சியிலும் நின்றது. நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு டேங்க் பக்கம் போனேன். பாய் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பொய் சொல்றானுங்கன்னா, ரெண்டு பேருக்கும் சோறு போடறவன் யாருன்னு பாரு" என்றார். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் மீட்டருக்குப் பின்னால் சின்னதாக ஒரு ஸ்டெபிலைசர் இருக்கும். பேட்டரி வோல்ட்டேஜ் ஏறி இறங்கினாலும் முட்களுக்குச் சுமார் 10 வோல்ட் போல ஒரே சீராக அனுப்பும். உள்ளே ஒரு தகடு சூடாகி விட்டு விட்டுத் தொடும், அவ்வளவுதான். அதன் எர்த், அதாவது கரண்ட் வண்டியின் இரும்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் தொடர்பு, போய்விட்டால் தகடு சூடாகாது, விட்டுத் தொடாது, முழு வோல்ட்டேஜும் முட்களுக்குப் போகும். இரண்டும் சேர்ந்து மேலே ஏறிவிடும். பாய் அந்த ஸ்டெபிலைசரின் திருகை இறுக்கினார், முட்கள் இறங்கின. எனக்கு அப்போது பதினேழு வயது.

தம்பியின் வண்டியில் அந்த மாதிரி ஸ்டெபிலைசர் கிடையாது. ஆனால் கொஞ்சம் பழைய மாடல் என்பதால் ஹீட் சென்சாரின் ஒயரும் டேங்க் மிதவையின் ஒயரும் நேராக மீட்டருக்கு வருகின்றன. இரண்டு முள்ளுக்கும் பொதுவானது எது என்று பார்த்தால், மீட்டருக்கு வரும் கரண்ட் ஒன்று, மீட்டரிலிருந்து திரும்பிப் போகும் எர்த் ஒன்று. வேறு எதுவும் இல்லை.

சரி, பார்த்துவிடலாம் என்று மல்டிமீட்டரை எடுத்தேன். மே மாதத்து மதியம். சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் நிழல் என்று எதுவும் கிடையாது. 40 டிகிரிக்கு மேல் போகும் கத்திரி வெயிலில், கண்ணாடி ஏற்றி நின்ற வண்டியின் டாஷ்போர்டைத் தொட முடியாது. அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் கிளிப்புகளை இழுத்தால் சில வளையும், பழைய வண்டியில் பல உடையும். அதனால் டாஷ்போர்டை முழுசாகப் பிரிப்பதை நான் கடைசி வேலையாகத்தான் வைத்துக்கொள்வேன். தேவையில்லாமல் பிரித்த டாஷ்போர்டு அப்புறம் எத்தனை இறுக்கினாலும் கிறீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும்.

மீட்டரை மட்டும் முன்னால் இழுத்து, அதன் எர்த் ஒயரில் மல்டிமீட்டரின் ஒரு முனையையும் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் நீளமான லீட் போட்டு இன்னொரு முனையையும் வைத்தேன். இன்ஜின் ஓடுகிறது. 0.05 வோல்ட். சுத்தமான எர்த் என்றுதான் அர்த்தம். தம்பியின் முகம் வாடிவிட்டது. இவரும் கையை விரிக்கப் போகிறார் என்று நினைத்திருப்பார்.

"ராத்திரி ஒம்போது மணிக்கு வாப்பா" என்றேன்.

பகலில் வராத கோளாறைப் பகலில் தேடி நான் நிறைய நாட்களை வீணாக்கியிருக்கிறேன். மழையில் மட்டும் வரும் கோளாறுக்கு ஹோஸ் பைப்பைப் பிடிக்க வேண்டும், மேட்டில் ஏறும்போது வருவதற்கு வண்டியை மேட்டில் ஏற்ற வேண்டும். பெரும்பாலும் ஓட்டுகிறவரே பதிலைச் சொல்லிவிடுகிறார். நாம்தான் காது கொடுப்பதில்லை. இந்தத் தம்பி முதலிலேயே ராத்திரி என்று சொல்லியிருந்தார். ஆனால் முன்பு பார்த்த கடைகள் எல்லாம் பகலில்தான் பார்த்திருக்கின்றன.

ஒன்பதே காலுக்கு வந்தார். இன்ஜினை ஓடவிட்டு, மல்டிமீட்டரை அதே இடத்தில் வைத்தேன். ஹெட்லைட் போட்டதும் 0.05 என்பது 0.9 ஆனது. ஏசி பிளோயரை நாலாம் நம்பருக்குத் திருப்பச் சொன்னேன். 1.9 வோல்ட். எங்கள் கண் முன்னாலேயே ஹீட் முள்ளும் டீசல் முள்ளும் ஒன்றாக மேலே நகர்ந்தன. இண்டிகேட்டரைப் போட்டால் அதன் தாளத்துக்கு இரண்டு முள்ளும் லேசாகத் துடித்தன. பிளோயரை அணைத்தால் இறங்கின. தம்பி இரண்டு முறை தானே போட்டு அணைத்துப் பார்த்தார்.

எர்த் ஒயரில் 0.1 வோல்ட், போனால் 0.2 விழலாம். இங்கே கிட்டத்தட்ட 2. சென்சார்கள் இன்ஜினிலும் டேங்க் பக்கத்திலும் நல்ல எர்த்தில் நிற்கின்றன. மீட்டர் மட்டும் அவற்றைவிட 2 வோல்ட் உயரத்தில் மிதக்கிறது. அதனால் சென்சாரிலிருந்து வரும் வோல்ட்டேஜ் மீட்டருக்கு உள்ளதைவிடக் குறைவாகத் தெரிகிறது. இந்த வண்டியில் குறைவு என்றால் இன்ஜின் சூடு என்றும் டேங்க் நிறைய டீசல் என்றும் மீட்டர் புரிந்துகொள்ளும். மீட்டர் சரியாகத்தான் கணக்குப் போட்டது, அது நின்ற தரைதான் சரியில்லை.

ஹெட்லைட்டும் பிளோயரும் சேர்த்து ஏறக்குறைய 20 ஆம்பியர் அந்த எர்த் வழியாகத் திரும்புகிறது. 20 ஆம்பியரில் 2 வோல்ட் விழுகிறது என்றால் வழியில் 0.1 ஓம் தடை இருக்கிறது. ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் மல்டிமீட்டரின் சொந்த லீட்டே அந்த அளவு காட்டிவிடும், கண்டுபிடிக்கவே முடியாது. முன்பு பார்த்தவர்கள் பீப் சத்தம் வருகிறதா என்று சோதித்திருப்பார்கள், வந்திருக்கும். கரண்ட் ஓடும்போது வோல்ட் பார்த்தால்தான் இந்த மாதிரிக் கோளாறு மாட்டும். இன்னொன்றும் உண்டு. 20 ஆம்பியரில் 2 வோல்ட் என்றால் 40 வாட். அது எங்கேயோ சூடாக இறங்குகிறது.

அதனால் லீட்டை நகர்த்திக்கொண்டே போனதோடு கையாலும் தடவிக்கொண்டே போனேன். இடது பக்கம், முன் சீட்டில் உட்காருகிறவரின் கால் பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் ஒயர் கட்டிலிருந்து நாலைந்து கறுப்பு ஒயர்கள் ஒரே போல்ட்டில் வந்து சேருகின்றன. அந்த போல்ட் சுட்டது. ஒயரின் கண்ணியில் ஒரு முனை, பக்கத்து இரும்பைச் சுரண்டி அதில் ஒரு முனை: 1.8 வோல்ட்.

கழற்றியதும் எல்லாம் விளங்கிவிட்டது. போல்ட்டுக்கு அடியில் பளபளவென்று பெயின்ட். "முன்னாடி இந்தப் பக்கம் இடிச்சுதா?" என்று கேட்டேன். போன வருஷம் ஒரு லாரி உரசியதாம், டிங்கரிங் பெயின்டிங் செய்திருக்கிறார்கள். பெயின்ட் அடித்தவர் எர்த் இடத்தையும் சேர்த்து அடித்து, காய்ந்த பிறகு போல்ட்டை அதன் மேலேயே முறுக்கிவிட்டார். புரிச் சுற்றில் மட்டும் கொஞ்சம் தொட்டுக்கொண்டிருந்தது. மீட்டருக்கு வேண்டிய அரை ஆம்பியருக்கு அது போதும், பகலில் ஓடியது. ராத்திரிப் பாரத்துக்குப் போதவில்லை. உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியத் தேய்த்தேன், பல் வைத்த வாஷர் வைத்து முறுக்கினேன், மேலே கொஞ்சம் கிரீஸ். எல்லா லைட்டும் பிளோயரும் போட்டுப் பார்த்தபோது 0.04. இருபது நிமிஷ வேலை.

டாஷ்போர்டுக் கோளாறு என்று வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் கோளாறு டாஷ்போர்டில் இருப்பதில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அதற்கு அடுத்த சில மாதங்கள் எனக்கு அதே வேலைதான். தண்ணீர் வடிந்து, கார்ப்பெட் காய்ந்து, ஓட்டியும் பார்த்து நன்றாக இருக்கிறது என்று நம்பிய வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. கார்ப்பெட்டுக்கு அடியில் ஒயர்களை இணைக்கும் கப்ளர்களுக்குள் செம்பு மெதுவாகப் பச்சை பூத்துக்கொண்டிருந்தது. மேலே டாஷ்போர்டில் ஏபிஎஸ் லைட், ஏர்பேக் லைட் என்று மாறி மாறி எரியும்.

புது வண்டிகளில் எல்லா விஷயமும் இரண்டு மெல்லிய ஒயர்களில் பேச்சாகப் போகிறது. அங்கே பெரும்பாலான வண்டிகளில் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனர் மாட்டும் டயக்னோஸ்டிக் சாக்கெட்டின் 6-ம் பின்னுக்கும் 14-ம் பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் அந்த ஒயர்களின் ஒரு கோடியில் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. ஸ்கேனர் பத்து எர்ரர் காட்டும், பத்தும் ஒரே ஒயரின் அழுகையாக இருக்கும். அதைப் பார்த்துப் பத்து பார்ட் மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பணம் அந்த டிரைவர் தம்பி மாதிரி ஆட்களுடையது.

"அந்த லைட்டை மட்டும் எரியாம பண்ணிடுங்க ணா" என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு, முக்கியமாக வண்டியை விற்பதற்கு முன்னால். நான் செய்வதில்லை. சாவி போட்டதும் எல்லா லைட்டும் ஒரு தடவை எரிந்து அணைய வேண்டும். எரியாத லைட்டைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். பழைய வண்டிகள் பலவற்றில் சார்ஜ் லைட்டின் பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் டைனமோவை எழுப்புகிறது. எரிச்சலாக இருக்கிறது என்று அந்தப் பல்பைப் பிடுங்கிய ஒருவரின் வண்டி குடியாத்தம் ரோட்டில் பேட்டரி இறங்கி நின்றது.

நானும் தப்பு செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருஷம், மீட்டர் லைட்டின் 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 30 ஆம்பியர் பச்சை ஃபியூஸைப் போட்டு அனுப்பினேன். ஸ்டீரியோவுக்கு யாரோ கிள்ளி எடுத்த ஒயர் உள்ளே உரசிக்கொண்டிருந்ததை நான் தேடவில்லை. மூன்றாம் நாள் டாஷ்போர்டுக்குள்ளிருந்து புகை. நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உருகி ஒன்றாய் ஒட்டிப்போன அந்த ஒயர் கட்டை பாய் ரொம்ப நாள் சுவரில் மாட்டி வைத்திருந்தார். திட்டவில்லை. தினமும் அதன் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

அன்று ராத்திரி பத்தரை மணிக்கு இரண்டு பேரும் வண்டியை எடுத்துக்கொண்டு ரத்தினகிரி வரை போய்த் திரும்பினோம். ஹெட்லைட், பிளோயர், வைப்பர் எல்லாம் போட்டுத்தான் ஓட்டினார். முள் நடுவில் நின்றது நின்றபடி இருந்தது. தம்பி ரோட்டைப் பார்த்ததைவிட அதைப் பார்த்ததுதான் அதிகம். இரண்டு தடவை நான் "ரோட்டப் பாருப்பா" என்று சொல்ல வேண்டியிருந்தது.

கடைக்கு வந்ததும் "எவ்ளோ ணா?" என்றார். எழுநூறு சொன்னேன். ஒரு போல்ட்டுக்கு எழுநூறா என்று கேட்கிறவர்களும் உண்டு, அவர் கேட்கவில்லை. கொடுத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, டிக்கியைத் திறந்தார். துண்டில் சுற்றி, ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் பத்திரமாக அவருடைய பழைய மீட்டர். மாட்டியிருந்த மீட்டர் உண்மையில் ஓடியதைவிட எண்பதாயிரம் கிலோமீட்டர் குறைவாகக் காட்டிக்கொண்டிருந்தது. அதை வைத்து வண்டியை அதிக விலைக்கு விற்கலாம் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

"இத்தையே போட்டுக் குடுங்க ணா. நான் ஓட்டுன கிலோமீட்டரு இதுலதான கீது."

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் வரச் சொல்லி, அதையே மாட்டிக் கொடுத்தேன்.